ஒல்லியான ஆளுக்கு இதயத்தைச் சுற்றிக் கொழுப்பா? சுகரும் எக்கோ ரிப்போர்ட்டின் கடைசி வரியும்

கேள்வி: ஆகஸ்ட் 9, 2025

அப்பாவுக்கு 61 வயது. பல வருடமாகச் சுகர். எடை 58 கிலோ. ஆள் ஒல்லி, வேட்டிக் கட்டுக்கு மேல் சின்னதாக ஒரு தொப்பை, அவ்வளவுதான். செக்கப்பில் எக்கோ (ஒலி அலையால் எடுக்கும் இதய ஸ்கேன்) எடுத்தார்கள். பம்பிங் நன்றாக இருக்கிறது, வால்வில் கோளாறு இல்லை. ஆனால் கடைசி வரியில் 'எபிகார்டியல் கொழுப்பு 8 மி.மீ.' என்று போட்டிருக்கிறது. டாக்டர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நெட்டில் தேடினால் மாரடைப்பு என்று பயமுறுத்துகிறது. எங்கள் வீட்டில் எண்ணெய்ப் பலகாரமே கிடையாது. ஒல்லியானவருக்கு இது எப்படி வந்தது? கொலஸ்ட்ரால்தான் அங்கே போய் ஒட்டிக்கொண்டதா? கரைக்க மருந்து உண்டா?

ஆகஸ்ட் 9, இரவு

எக்கோ எடுப்பது எனக்குப் பிழைப்பு. டாக்டர் இல்லை, டெக்னீஷியன். எனக்கும் சுகர் உண்டு, அதனால் மெஷினுக்கு இந்தப் பக்கமும் தெரியும், கட்டில் பக்கமும் தெரியும்.

எபிகார்டியல் கொழுப்பு என்பது இதயத்தின் மேல் ஒட்டியிருக்கும் கொழுப்பு. இது ரத்தத்தில் ஓடுகிற கொலஸ்ட்ரால் போய்ப் படிந்தது இல்லை. ரத்தக்குழாய்க்கு உள்ளே படிவது வேறு, இதயத்தின் மேல் இருப்பது வேறு. இது முழுசாகக் கொழுப்புத் திசு, வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்பின் உறவுக்காரன். கருவில் இரண்டும் ஒரே இடத்திலிருந்து உருவானவை. எல்லோருக்கும் உண்டு. பிறந்த குழந்தைக்கும் கொஞ்சம் உண்டு. இதயத்தின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கை அது மூடியிருக்கும், எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான் என்பார்கள். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஓடும் பள்ளத்தில்தான் அதிகம். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கிற கரோனரி குழாய்களும் அதே பள்ளத்தில்தான் ஓடுகின்றன. விஷயமே அதில்தான் இருக்கிறது.

உடம்பில் மற்ற இடங்களில் தசைக்கும் கொழுப்புக்கும் நடுவே ஒரு சவ்வு இருக்கும். இங்கே இல்லை. காம்பவுண்டு சுவர் இல்லாமல் ஒரே போர்வெல்லில் தண்ணீர் எடுக்கும் இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இதயத் தசைக்குப் போகும் அதே கரோனரி கிளைகள்தான் இந்தக் கொழுப்புக்கும் ரத்தம் கொடுக்கின்றன. கொழுப்பு எதையாவது சுரந்தால் அடுத்த வீட்டுக்குத் தானாகப் போய்விடும்.

8 மி.மீ. என்ற எண்ணைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். இன்றைக்கே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டிய எண் இல்லை.

ஆகஸ்ட் 10

ஒல்லி என்ற கேள்விக்கு.

2004-இல் லான்செட் இதழில் ஒரே ஒரு பக்கத்துக்கு ஒரு படம் வந்தது. இரண்டு விஞ்ஞானிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) ஒன்றேதான், 22.3. உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. இரண்டு மடங்குக்கும் மேல். தராசுக்கு அது தெரியாது.

நம் ஊர் உடம்பின் கதை இதுதான். கை கால் குச்சி, தசை குறைவு, கொழுப்பெல்லாம் உள்ளே. தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் இடம் நமக்குச் சீக்கிரம் நிறைந்துவிடுகிறது என்றும், மிச்சம் ஈரல், குடல், இதயம் என்று தங்கக் கூடாத இடத்தில் தங்குகிறது என்றும் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். அதனால்தான் இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்று கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். 58 கிலோ என்று சொன்னீர்கள். டேப் வைத்துத் தொப்புள் மட்டத்தில் அளந்து சொல்லுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லாதீர்கள். எங்கள் சென்டருக்கு வருகிற ஆம்பிளைகள் டேப்பைப் பார்த்ததும் வயிற்றை உள்ளே இழுத்துவிடுவார்கள், அது அனிச்சைச் செயல்.

எண்ணெய்ப் பலகாரம் இல்லை என்றீர்கள். சோறு? மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்றால் மிஞ்சுகிற மாவுச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றிவிடும். அதற்கு வடைச்சட்டி தேவையில்லை.

ஆகஸ்ட் 10, சற்றுப் பின்

'எங்கள் மாமாவுக்குக் கொழுப்பு அதிகம் என்று ஊருக்கே தெரியும், அது இதயத்தைச் சுற்றி என்பதுதான் புதுச் செய்தி' என்று எழுதியவருக்கு: மாமாவை ஒரு தடவை எக்கோவுக்கு அனுப்பி வையுங்கள், அளந்தே சொல்லிவிடலாம்.

இடுப்பு 91 செ.மீ. என்று பதில் போட்ட நண்பருக்கு: பார்த்தீர்களா, 90-ஐத் தாண்டிவிட்டது.

ஆகஸ்ட் 13

இப்போது அந்த 8 மி.மீ.

நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஜெல் தடவி, நெஞ்செலும்புக்கு இடது ஓரத்தில் விலா இடுக்கில் புரோபை, அதாவது ஒலி அலை அனுப்பும் கைக்கருவியை, வைப்போம். ஜெல் பட்டதும் எல்லோரும் ஒரு சிலிர்ப்புச் சிலிர்ப்பார்கள். திரையில் மேலே முதலில் தெரிவது வலது கீழறையின் சுவர். அந்தச் சுவருக்கும் இதயத்தைச் சுற்றியிருக்கும் வெளி உறைக்கும் நடுவே ஒரு கறுப்புப் பட்டை. அதுதான் இது. இதயம் சுருங்கி முடிக்கிற நொடியில் படத்தை நிறுத்தி, சுவருக்குச் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தால் மி.மீ. கணக்கு வந்துவிடும். இந்த முறையை 2003-இல் சொன்னவர் ஜியான்லூகா யாகோபெல்லிஸ் என்ற இத்தாலிய மருத்துவர்.

கேட்க எளிது. கோடு கொஞ்சம் சாய்ந்தால் ஒரு மி.மீ. கூடிவிடும். சிலர் இதயம் விரிந்திருக்கும்போது அளக்கிறார்கள். அப்போது கொழுப்பு நசுங்கியிருக்கும், எண் குறையும். யாகோபெல்லிஸ் குழு ஆணுக்கு 9.5, பெண்ணுக்கு 7.5 என்று ஒரு எல்லை சொன்னது. வேறு சிலர் 5-ஐயே எல்லையாக வைக்கிறார்கள். ஆகவே உங்கள் அப்பாவின் 8 ஒரு கணக்கில் உள்ளே, இன்னொரு கணக்கில் வெளியே. டாக்டர் வாய் திறக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று. இந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்து 'இதயத்தைச் சுற்றி நீர்' என்று எழுதிவிடுகிற ரிப்போர்ட்டுகள் எனக்கு அடிக்கடி வரும். குடும்பமே அழுதுகொண்டு வரும். படுத்திருக்கும் ஆளுக்கு நீர் சேர்ந்தால் முதலில் பின்பக்கம்தான் தேங்கும். முன்பக்கம் மட்டும் பட்டை தெரிந்து, அதற்குள் மணல் தூவியது போலப் புள்ளிகள் இருந்து, இதயத்தோடு சேர்ந்தே அசைந்தால் பெரும்பாலும் அது கொழுப்பு. நீர் இப்படி ஒட்டிக்கொண்டு ஆடாது.

சிடி ஸ்கேனில் மொத்தக் கொள்ளளவையும் மில்லிலிட்டரில் அளந்துவிடலாம், எம்ஆர்ஐயிலும் முடியும். அவை இதைவிட நம்பகம். செலவு உங்களுக்கே தெரியும்.

ஆகஸ்ட் 17

ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் நீளமாக எழுதலாம்.

இது சும்மா கிடக்கிற மெத்தை இல்லை என்று உறுதியாகக் காட்டியது 2003-இல் வந்த ஒரு ஆய்வு. மசூரெக் என்பவரும் உடனிருந்தவர்களும் பைபாஸ் செய்துகொள்பவர்களிடம் இதயத்தின் மேல் கொழுப்பையும் காலில் தோலடிக் கொழுப்பையும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒப்பிட்டார்கள். அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் இதயக் கொழுப்பில் மிக அதிகம். அந்த ஆட்களுக்குச் சுகர் உண்டா, ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை எடுக்கிறார்களா என்றெல்லாம் பிரித்துப் பார்த்தும் அந்த வித்தியாசம் போகவில்லை.

நல்ல நிலையில் இது இதயத்துக்கு உதவிக்காரன். இதயத் தசைக்கு முக்கிய எரிபொருள் கொழுப்பு அமிலம்தான். மிஞ்சியதை வாங்கி வைத்துக்கொள்வதும், பற்றாக்குறையில் கொடுப்பதும், அடிப்போனெக்டின் என்ற காப்புப் பொருளைச் சுரப்பதும் இதன் வேலை. சுகரில் இந்த ஏற்பாடு கெடுகிறது. இன்சுலின் சொல்லுக்குக் கட்டுப்படாத கொழுப்புச் செல் கொழுப்பு அமிலத்தை அடக்கிவைக்காமல் கொட்டிக்கொண்டே இருக்கும். செல் உப்பி, அழற்சிச் செல்கள் உள்ளே குடியேறும். அடிப்போனெக்டின் குறையும். இதெல்லாம் நடப்பது கரோனரி குழாயின் வெளிச்சுவரை ஒட்டி.

சுகர்காரர்களின் கரோனரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓரிடத்தில் ஒரு அடைப்பு என்று இருக்காது. நெடுக, மூன்று குழாயிலும், சுண்ணாம்பு பிடித்து, சன்னமான குழாய்வரை போயிருக்கும். அதற்குச் சர்க்கரை நேரடியாகச் செய்யும் கெடுதல், பிரஷர், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, சிறுநீரகக் கோளாறு என்று காரணங்களின் ஒரு கூட்டமே உண்டு. கொழுப்பு அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள். தனி வில்லன் என்று நான் சொல்லவில்லை.

ஒரு விசித்திரமும் உண்டு. சிலருக்குக் கரோனரி குழாய் கொஞ்ச தூரம் கொழுப்பை விட்டு இதயத் தசைக்குள் புதைந்து ஓடும். 'பாலம்' என்பார்கள். அந்தப் புதைந்த துண்டில் மட்டும் அடைப்பு பெரும்பாலும் இருக்காது. அதற்கு முன்னால், கொழுப்புக்குள் இருக்கும் பகுதியில் இருக்கும். கொழுப்பு தொடாததால்தான் என்று ஒரு கட்சி. தசை பிடித்துப் பிடித்து விடுவதால் ரத்த ஓட்டத்தின் உரசல் மாறுகிறது, அதுதான் காரணம் என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது கட்சி மேல் சாய்வு அதிகம், ஆனால் முதல் கட்சியையும் தள்ளிவிட முடியவில்லை.

ஆகஸ்ட் 18

'கொழுப்பு குழாயைக் கெடுக்கிறதா, கெட்ட குழாய் கொழுப்பை மாற்றுகிறதா' என்று கேட்ட ஆசிரியருக்கு. நேற்று எழுதியது ஒரு பாதி. மற்றப் பாதி ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது.

அங்கே அந்தோனியாதிஸ் குழு 2017-இல் காட்டியது இது. குழாய்ச் சுவரில் அழற்சி இருந்தால் அதிலிருந்து கசியும் பொருள்கள் சுற்றியுள்ள கொழுப்புச் செல்களை முதிர விடுவதில்லை. செல்கள் சின்னதாக, கொழுப்பு குறைவாக, நீர் அதிகமாக இருக்கும். சிடியில் கொழுப்பின் நிறம் ஒரு எண்ணாக வரும், சுத்தக் கொழுப்பு மைனஸ் 190 பக்கம், நீர் கூடக்கூட மைனஸ் 30 பக்கம் நகரும். 2018-இல் எர்லாங்கன், கிளீவ்லாந்து இரண்டு ஊர்களிலும் சிடி எடுத்த 3,912 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். வலது கரோனரியைச் சுற்றிய கொழுப்பு மைனஸ் 70.1-க்கு மேல், அதாவது மைனஸ் 30 பக்கமாக, இருந்தவர்கள் இதய நோயால் இறப்பது கணிசமாக அதிகமாக இருந்தது.

ஆக, எவ்வளவு கொழுப்பு என்பது ஒரு கேள்வி. அது என்ன நிலையில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. என் எக்கோ முதல் கேள்விக்கே தடுமாறும், இரண்டாவதை அது தொடவே முடியாது.

ஆகஸ்ட் 24

இழை எங்கோ போகிறது. இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் வினிகர், தேன் சேர்த்துக் காய்ச்சிய கஷாயம் அடைப்பையும் இதயக் கொழுப்பையும் கரைக்கும் என்று ஒருவர் வாட்ஸ்அப் செய்தியை அப்படியே ஒட்டியிருக்கிறார்.  எக்கோவில் நான் பார்க்கும் பட்டையை அது கரைக்கும் என்று காட்டிய ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. பூண்டு ரசத்தில் போடுங்கள், நல்லதுதான். ஆனால் தினமும் காலையில் இரண்டு கரண்டி தேன் என்பது சுகர்காரருக்குச் சர்க்கரைதான். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இந்தக் கஷாயத்தை நம்பி ஸ்டாட்டினை நிறுத்திவிட்டார். அவரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

தேங்காய் எண்ணெயா, நல்லெண்ணெயா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

ஆகஸ்ட் 31

கரைக்க மருந்து உண்டா என்ற முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இதற்கென்று மருந்து இல்லை. சுகருக்குக் கொடுக்கும் சில மருந்துகளால் குறைகிறது என்று ஆய்வுகள் உண்டு. மயாமியில் யாகோபெல்லிஸ், மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை எடுப்பவர்களில் ஒரு பகுதிக்கு லிராகுளூடைடு என்ற சுகர் ஊசியும் சேர்த்துக் கொடுத்து எக்கோவில் அளந்தார். ஆறு மாதத்தில் 36 சதவீதம் குறைந்தது என்று 2017-இல் எழுதினார். படித்ததும் ஆஹா என்றிருக்கும். ஆனால் நெதர்லாந்தின் லெய்டனில் அதே லிராகுளூடைடை 26 வாரம் கொடுத்து எம்ஆர்ஐயில் பார்த்தார்கள். தோலடிக் கொழுப்பு குறைந்தது, ஈரலிலும் வயிற்றுக்குள்ளும் இதயத்தைச் சுற்றியும் பெரிய மாற்றம் இல்லை. ஒரே ஊசி, இரண்டு பதில். அளக்கும் கருவி வேறு என்பதை மறக்க வேண்டாம்.

இதைவிட முக்கியம் வேறு. அதே லிராகுளூடைடை 9,340 சுகர்காரர்களுக்குப் பரீட்சித்த லீடர் ஆய்வு 2016-இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 13 சதவீதம் குறைந்தன. அதற்கு முந்தைய வருடம் எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரையில் இதய மரணம் 38 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வுகளில் பலன் கணக்கிடப்பட்டது கொழுப்பை வைத்து இல்லை, உயிரையும் மாரடைப்பையும் வைத்து. இதயக் கொழுப்பைக் குறைத்ததால்தான் மாரடைப்பு குறைந்தது என்று காட்டிய பரீட்சை இதுவரை இல்லை. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கக் கொழுப்பை அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அது என் பிழைப்புக்கு நஷ்டம் என்றாலும்.

எம்பாக்ளிஃப்ளோசின் பேடன்ட் இந்தியாவில் 2025 மார்ச்சில் முடிந்தது, மெடிக்கல் கடையில் விலை இறங்கிவிட்டது. அப்பாவுக்கு ஏற்றதா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்று, நீரிழப்பு, சாப்பிடாத நாளில் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறுவது என்று அதற்கும் கணக்கு உண்டு.

செப்டம்பர் 6

நடந்தால் போதுமா என்று மூன்று பேர்.

கோபன்ஹேகனில் தொப்பை உள்ள, உட்கார்ந்தே இருக்கும் 50 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் வாரம் மூன்று நாள், 45 நிமிடம், மூச்சு வாங்குகிற மாதிரி விட்டு விட்டு சைக்கிள் பயிற்சி. இன்னொன்று எடை தூக்குதல். மூன்றாவது ஒன்றும் செய்யவில்லை. 12 வாரம் கழித்து எம்ஆர்ஐ. இதயக் கொழுப்பு முதல் கூட்டத்துக்கு 32 சதவீதம், எடை தூக்கியவர்களுக்கு 24 சதவீதம் குறைந்திருந்தது. உறைக்கு வெளியே இருக்கிற கொழுப்பு எடை தூக்கியவர்களுக்கு மட்டும்தான் குறைந்தது. 2019-இல் வந்தது. அவர்களில் சுகர்காரர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊரில் எடை தூக்குவது என்றால் ஜிம் பையன்களின் வேலை என்று ஒரு நினைப்பு. எனக்கும் டாக்டர் சொன்னபோது சிரிப்புதான் வந்தது. இப்போது ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியில் நடக்கிறேன், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். மாவரைக்கும் நேரம் உடற்பயிற்சி நேரம் என்று வீட்டில் பெயர் வைத்துவிட்டார்கள். என் இதயக் கொழுப்பு குறைந்ததா? அளக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை இறங்கியிருக்கிறது, அது போதும்.

ஒரு எச்சரிக்கை. வருடக்கணக்காகச் சுகர் இருக்கும் ஆள் திடீரென மூச்சு முட்டப் பயிற்சி ஆரம்பிக்கக் கூடாது. முதலில் டாக்டர்.

செப்டம்பர் 14

பக்கத்து ஊரில் ஒரு ஸ்கேன் சென்டர் 'இதயக் கொழுப்புப் பேக்கேஜ்' என்று நோட்டீஸ் அடித்திருக்கிறது. சுகர் உள்ள எல்லோரும் சிடி ஆஞ்சியோ (சாயம் ஏற்றிக் கரோனரி குழாயைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்துக்கொள்ள வேண்டுமாம். யாரோ போட்டோ எடுத்து இங்கே போட்டிருக்கிறீர்கள்.

இதையும் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். நெஞ்சுவலி எதுவும் இல்லாத 1,123 சுகர்காரர்களில் பாதிப் பேருக்கு இதய ஸ்கேன், பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். ஸ்கேன் எடுத்தவர்களில் 22 சதவீதத்தினருக்குச் சத்தமில்லாத ரத்தக்குறைவு தெரிந்தது. ஆனால் சில வருடம் கழித்துப் பார்த்தால் மாரடைப்பிலோ இதய மரணத்திலோ இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. டயட் ஆய்வு என்று பெயர், 2009. சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். 2014-இல் அமெரிக்காவின் யூட்டாவில் 900 சுகர்காரர்களை வைத்து சிடி ஆஞ்சியோவோடு இதே பரீட்சை. அங்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. ஸ்டாட்டின், பிரஷர், சர்க்கரை மூன்றையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவர்களுக்கு ஸ்கேன் மேற்கொண்டு ஒன்றும் தரவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அதற்காக இந்தக் கொழுப்புக்கு அர்த்தமே இல்லை என்றும் இல்லை. ஜெர்மனியில் எசன், போகும், ம்யூல்ஹைம் ஊர்களில் 4,000-க்கு மேற்பட்டவர்களைச் சுமார் எட்டு வருடம் தொடர்ந்தார்கள். இதயக் கொழுப்பின் அளவு இரட்டிப்பானால் கரோனரி நிகழ்வு சுமார் ஒன்றரை மடங்கு. மற்ற ஆபத்துகளைக் கழித்த பிறகும். எதற்கோ வந்த இடத்தில் ரிப்போர்ட்டில் பார்த்தால், 'சரி, ஸ்டாட்டினைத் தட்டிக்கழிக்க வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளலாம். அதை அளக்கவே காசு கட்டிப் போவது வேறு விஷயம். சாயங்கூட இல்லாமல் குழாயில் பிடித்த சுண்ணாம்பை அளக்கும் கால்சியம் ஸ்கேன் எப்போது உதவும் என்பதை டாக்டர் சொல்லட்டும், நோட்டீஸ் சொல்ல வேண்டாம்.

செப்டம்பர் 28

அப்பாவுக்கு நெஞ்சுவலி இல்லை, ஆனால் மாடிப்படி ஏறினால் முன்னைவிட மூச்சு வாங்குகிறது, பாதியில் நின்றுதான் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள்!

மேலே எழுதியதெல்லாம் தொந்தரவே இல்லாதவர்களுக்கு. இது தொந்தரவு. நீண்ட நாள் சுகரில் நரம்பு மந்தமாகி நெஞ்சுவலி தெரியாமலே போகலாம், மூச்சுத் திணறலும் அசதியும்தான் அடையாளம். நாளைக் காலையில் இதய டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இன்றிரவு மூச்சு அதிகமானால், வியர்த்தால், காலைவரை காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அக்டோபர் 19

அப்பாவின் ஆஞ்சியோவில் மூன்று குழாயிலும் அடைப்பு, பைபாஸ் செய்யச் சொல்கிறார்கள், இரண்டு ஸ்டென்ட் (குழாயை விரித்துவைக்கும் வலைக்குழல்) வைத்து முடித்துவிட முடியாதா என்ற கேள்வி. நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் சுகரோடு பல குழாய் அடைப்பு என்றால் டாக்டர்கள் ஏன் பைபாஸ் பக்கம் சாய்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2012-இல் வந்த ஃப்ரீடம் ஆய்வில் 1,900 பேர். ஐந்து வருடத்தில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் சேர்ந்து ஸ்டென்ட்டுக்கு 26.6 சதவீதம், பைபாஸுக்கு 18.7. பக்கவாதம் மட்டும் பைபாஸில் அதிகம். நெடுகக் கெட்டிருக்கும் குழாயில் இரண்டு இடத்தைச் சரிசெய்தால் மூன்றாவது இடம் பிறகு தகராறு செய்யும். பைபாஸ் அந்த நீளம் முழுவதையும் தாண்டிப் போய்விடுகிறது.

முன்பு வேலைபார்த்த இடத்தில் ஆபரேஷன் தியேட்டரில் உணவுக்குழாய் வழியே எக்கோ எடுக்க நிற்பேன். முதல் தடவை உறையைப் பிரித்ததும் நான் எதிர்பார்த்த சிவப்பு அங்கே இல்லை. மஞ்சள். வெண்ணெய் மஞ்சள், பள்ளங்களில் திட்டுத்திட்டாக, அடியில் இதயம் துடிக்கத் துடிக்க அதுவும் சேர்ந்து குலுங்குகிறது. படத்தில் பார்க்கிற மாதிரி கரோனரி குழாய் வெளியே தெரியவில்லை. சர்ஜன் விரல் நுனியால் தடவி, சுண்ணாம்பு பிடித்த இடம் கெட்டியாகத் தட்டுப்படுவதை வைத்து, கொழுப்பை மெல்லக் கீறிக் கீறிக் குழாயைத் தேடினார். சிலருக்குத் தேடவே நேரமாகும். ஒல்லியான பெண்மணி ஒருவருக்கு அதிகக் கொழுப்பைப் பார்த்ததும் அங்கேதான். யாஜ்னிக் படம் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அக்டோபர் 21

'திறந்ததுதான் திறக்கிறார்கள், அந்தக் கொழுப்பையும் வழித்து எடுத்துவிடலாமே?' இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன்.

பன்றியில் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா கடலோரத்தில் ஒசாபா என்று ஒரு தீவு, அங்குள்ள பன்றிகள் நம்மைப் போலவே சீக்கிரம் தொப்பையும் இன்சுலின் கோளாறும் பிடிப்பவை. கொழுப்புத் தீனி போட்டு, முன் கரோனரி குழாயைச் சுற்றி ஓரிடத்தில் மட்டும் கொழுப்பை வெட்டி எடுத்தார்கள். சில மாதம் கழித்து அந்த இடத்தில் அடைப்பு வளர்வது மட்டுப்பட்டிருந்தது. 2014-இல் வந்த ஆய்வு. கொழுப்புக்கும் அடைப்புக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு எனக்குத் தெரிந்த நேரடிச் சான்று இதுதான்.

ஆனால் மனிதரில் சர்ஜன்கள் அப்படிச் செய்வதில்லை. உள்ளே சன்னமான கிளைகளும் நரம்புகளும் ஓடுகின்றன, ரத்தம் கசிந்தால் நிறுத்துவது பாடு. அதோடு, அப்பாவின் மூன்று குழாயும் ஏற்கெனவே கெட்டுவிட்டன.

நவம்பர் 23

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், நடக்கிறார் என்று படித்ததில் மகிழ்ச்சி. ஆபரேஷனுக்கு அப்புறம் எடுத்த எக்கோவில் கொழுப்பு 6 மி.மீ. என்று வந்திருக்கிறது, குறைந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள்.

சொல்ல முடியாது. உறையைத் திறந்து மூடிய இதயம், கொஞ்சம் நீரும் ஒட்டலும் இருக்கும், அளந்தவர் வேறு, மெஷின் வேறு. 8-ஐயும் 6-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். அந்த ரிப்போர்ட்டில் பம்பிங் சதவீதத்தைப் பாருங்கள், நீர் இருக்கிறதா பாருங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் கேட்க வேண்டியது எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) எவ்வளவு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்ற மூன்றுதான். இடுப்பு டேப்பை நீங்களே வைத்துக்கொள்ளலாம், காசு இல்லை.

கேன் தூக்குவது இப்போதைக்கு வேண்டாம். நெஞ்செலும்பு கூடுவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், அதுவரை பால் பாத்திரத்தைக்கூட அவரைத் தூக்க விடாதீர்கள். தேதியை சர்ஜன் சொல்வார்.